பனி பெய்த நாளும் முடிக்காமல் கிடந்த கைவேலைகளும்

‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லை எங்கள் வீடுகளில் யாரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அம்மாக்கள் கூடை பின்னினார்கள், விளக்குமாறு கட்டினார்கள், கிழிந்த பாவாடைக்கு ஒட்டுப் போட்டார்கள். அதற்கெல்லாம் ‘வேலை’ என்றுதான் பெயர். கழனி வேலை முடிந்து வந்து, உலை வைத்துவிட்டு, சோறு வேகும் நேரத்தில் செய்த வேலை. அதை யாரும் கலை என்று சொன்னதில்லை. செய்தவர் பெயரை யாரும் கேட்டதும் இல்லை.

அதனால்தான், ஒரு பனி நாளில் வீட்டில் உட்கார்ந்து தையலும் பின்னலுமாகக் கழித்ததை எழுத உட்கார்ந்தபோது எங்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. வன்கொடுமை வழக்கு, விடுதிப் பிரச்சினை, கல்வி உதவித்தொகை என்று பேசுகிற இடத்தில் ஊசிநூலைப் பற்றி என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. யாருடைய கை எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று பிறப்பிலேயே எழுதி வைப்பதுதானே சாதி? அப்படியானால் அந்தக் கை, யாரும் ஏவாமல் தானாக ஒரு பொருளைச் செய்யும் நாளைப் பற்றியும் நாம் பேசத்தான் வேண்டும்.

நாங்கள் இருப்பது டொராண்டோவின் கிழக்கே, ஸ்கார்பரோவில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த அண்ணன், அண்ணி, அவர்களுடைய 8 வயது மகள். விழுப்புரம் பக்கத்திலிருந்து படிக்க வந்த தம்பி. யாழ்ப்பாணத்து அக்கா. இரத்த உறவு கிடையாது. வாடகையைப் பகிர வந்து சேர்ந்தவர்கள். அக்கா எங்களோடு சேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேறு ஒரு வீட்டில் அறை கேட்கப் போனபோது, “ஊரில் எந்தக் குறிச்சி?” என்று கேட்டார்களாம். அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் நுழையப் போராடிய தலைமுறையின் பிள்ளை அவர். கடல் தாண்டியும் அந்தக் கேள்வி கூடவே வருகிறது.

இந்தப் பிப்ரவரியில் ஒரு செவ்வாய் இரவு பனி கொட்டத் தொடங்கியது. புதன் காலையில் எங்கள் ஜன்னல் முழுக்க மூடிவிட்டது. கீழ்த்தளத்து ஜன்னல் தரைமட்டத்தில் இருக்கும். முழங்கால் அளவு பனி விழுந்தால் வெளிச்சம் போய்விடும். அண்ணன் வெளியே போய்க் கதவு திறக்கிற அளவுக்குப் பனியை வாரித் தள்ளிவிட்டு வந்தார். பள்ளிப் பேருந்துகள் ஓடவில்லை. தம்பியின் பல்கலைக்கழகம் வகுப்புகளை நிறுத்தியது.

இங்கே இதற்கு ‘பனி நாள்’ என்று பெயர். நம் ஊர் மழை லீவு மாதிரி. குழந்தைகள் துள்ளிக் குதிக்கிற நாள். ஆனால் சேரியில் மழை லீவு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். கூரை ஒழுகும், அடுப்பு நனையும், அன்றைய கூலி போகும். பனி நாளும் அப்படித்தான். தம்பிக்கு அது விடுமுறை. ஏஜென்சி மூலம் கிடங்கில் வேலை செய்யும் அண்ணனுக்கு ‘இன்று ஷிப்ட் இல்லை’ என்று குறுஞ்செய்தி வந்தது. ஷிப்ட் இல்லை என்றால் சம்பளமும் இல்லை. அலுவலகங்களைத் துடைக்கும் அண்ணிக்கும் அதே கதை. முதியோர் இல்லத்தில் இரவுப் பணிக்குப் போயிருந்த அக்காவுக்கோ, விடியற்காலையில் முடிய வேண்டிய வேலை முடியவே இல்லை. அவரை மாற்ற வேண்டியவர் பனியில் மாட்டிக்கொண்டார். படுக்கையில் கிடக்கும் முதியவர்களை விட்டுவிட்டுக் கிளம்ப முடியுமா? ஒரே வீடு, ஒரே பனி. ஒருவருக்கு லீவு, இருவருக்குக் கூலி இழப்பு, ஒருவருக்கு இரட்டை வேலை.

இது புதிதல்ல. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது நகரமே வீட்டுக்குள் இருந்தது. குப்பையையும் சகதியையும் அள்ளத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பேரிடர் எல்லோருக்கும் பொது என்பார்கள். பேரிடருக்குப் பிந்தைய வேலை மட்டும் ஒருபோதும் பொதுவாக இருப்பதில்லை.

சரி, கூலி போன நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அண்ணிதான் கட்டிலுக்கு அடியிலிருந்து பைகளை இழுத்துப் போட்டார். “எல்லாம் பாதிப் பாதியா கெடக்குது. இன்னைக்கு ஒண்ணாவது முடியணும்” என்றார்.

அந்தப் பைகளில் இருந்தவை இவை. ஏப்ரல் 14க்காகப் பழைய துணிகளைச் சேர்த்துத் தைக்கும் நீலப் பதாகை, பாதிக்கு மேல் மிச்சம். உல்லன் நூலில் அண்ணி பின்னத் தொடங்கிய குல்லா, காது வரை வந்து நின்றுபோனது. அக்கா பின்னிய கடகம், விளிம்பு கட்டாமல். அப்புறம், தோல் கிழிந்த ஒரு பறை.

கடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் அப்பா பனை ஏறியவர். அம்மா பனையோலையில் கடகம், பெட்டி, நீத்துப்பெட்டி, பாய் எல்லாம் இழைத்தவர். அக்காவும் சிறு வயதில் கற்றுக்கொண்டார். இங்கே பனைக்கு எங்கே போவது? அண்ணன் வேலை செய்யும் கிடங்கில் பெட்டிகளைக் கட்டிவரும் பிளாஸ்டிக் பட்டைகளை அறுத்துக் குப்பையில் போடுவார்கள். ஒருநாள் அண்ணன் ஒரு கட்டு கொண்டுவந்தார். அக்கா அதைக் கையில் எடுத்து மடித்துப் பார்த்துவிட்டு, “உது ஓலையை விட முரடு. ஆனாலும் இழைக்கலாம்” என்றார். அன்று தொடங்கிய கடகம் அது.

இந்தக் கைவேலைகளுக்கு நடுவே, 8 வயதுக்காரி தன் பள்ளிக் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். வெள்ளிக்கிழமை வகுப்பில் காட்ட வேண்டுமாம். ‘உங்கள் முன்னோர்கள் பரம்பரையாகச் செய்த கைத்தொழில் ஒன்றைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேசுங்கள்.’

அந்த ஆசிரியர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பார். வகுப்பில் எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள். ஒருத்தி பாட்டியின் பூத்தையலைக் கொண்டுவருவாள், ஒருவன் தாத்தா செதுக்கிய மரப்பொம்மையைக் கொண்டுவருவான். ஆனால் எங்களுக்கு அந்தக் காகிதத்தைப் படித்ததும் வயிற்றில் ஏதோ செய்தது. ‘பரம்பரைத் தொழில் என்ன?’ என்ற கேள்வியை எங்கள் அப்பாக்கள் பள்ளியில் சேரும்போது எதிர்கொண்டார்கள். அதற்குச் சொன்ன பதிலை வைத்துத்தான் எந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று முடிவானது.

இளைய தோழர்களுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். 1953இல் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ராஜாஜி ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது அது. மலம் அள்ளுபவரின் பிள்ளை மிச்ச நேரத்தில் எதைக் கற்கும்? செத்த மாட்டை அப்புறப்படுத்துபவரின் பிள்ளை எதைக் கற்கும்? பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்து எதிர்த்தார். எதிர்ப்பு பெருகி, 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

முடிந்த கதை என்று நினைக்க வேண்டாம். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு 18 கைத்தொழில்களுக்கான விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. குடும்பவழித் தொழில், குரு-சிஷ்ய மரபு என்ற பேச்சு அதில் இருந்தது. செருப்புத் தைப்பவர், முடி திருத்துபவர், துணி வெளுப்பவர் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். விண்ணப்பிக்கும் குறைந்தபட்ச வயது 18. கல்லூரிக்குப் போக வேண்டிய வயது. குடும்பத்தொழில் என்ற நிபந்தனையை எடுக்க வேண்டும், வயதை 35 ஆக்க வேண்டும் என்று கேட்ட தமிழ்நாடு அரசு, இந்த வடிவில் செயல்படுத்த முடியாது என்று 2024இல் அறிவித்தது. பிறகு, குடும்பத் தொழில் என்ற கட்டுப்பாடு இல்லாமல் 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. அந்தத் திட்டத்திலும் குறைகள் இருக்கலாம், அதைத் தனியே பேசுவோம். கடன் கொடுப்பதில் எங்களுக்குச் சண்டை இல்லை. கருவி கொடுப்பதிலும் இல்லை. ‘உன் அப்பன் செய்ததையே நீ செய்’ என்பதில்தான் சண்டை.

பாப்பாவுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது? “யோசிக்கலாம், முதல்ல இந்த நூலைச் சிக்கெடு” என்று அண்ணி ஒரு உல்லன் உருண்டையை அவள் கையில் கொடுத்தார்.

அடுத்தது பறை. இந்த ஊர் குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் இரவும் பகலும் ஓடும். காற்று எலும்புபோலக் காய்ந்துவிடும். தோல் இறுகி இறுகி ஜனவரியில் ஒருநாள் யாரும் தொடாமலேயே ‘பட்’டென்று வெடித்தது. ஊரில் பறைக்குக் கன்றுத்தோல் கட்டுவார்கள். வேப்பமரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவி ஒட்டுவார்கள். இங்கே ஆப்பிரிக்க மேளங்கள் விற்கும் கடையில் ஆட்டுத்தோல் கிடைத்தது. காலையிலேயே அதைத் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தோம்.

பைபர் போட்டுவிடலாம் என்று தம்பி பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சூடு காட்ட வேண்டாம், ஈரத்துக்குத் தொய்யாது, பனிக்கு வெடிக்காது. எல்லாம் உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவனுடைய அப்பா இளைஞராக இருந்தபோது ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் இவர்கள் தெருவிலிருந்து போய்ப் பறையடிக்க வேண்டும். மாடு செத்தால் இழுத்துப்போக வேண்டும். 90களில் ஒருநாள் தெருவே கூடி, இனிமேல் இந்த இரண்டும் கிடையாது என்று முடிவெடுத்தது. அதற்கு விலை கொடுத்தார்கள். கழனியில் வேலை இல்லை, கடையில் சாமான் இல்லை, பொதுவழியில் முள் வெட்டிப் போட்டார்கள். பல மாதங்கள் வெளியூர் போய்க் கூலி வேலை செய்து தெரு தாக்குப்பிடித்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் தோலைத் தொடக்கூடாது என்பது சட்டம். தம்பி மேடையில் பறையடிப்பான். தோலைத் தொட்டுக் கட்ட மாட்டான்.

அண்ணன் ஊறிய தோலை எடுத்து விரித்தபோது மணி காலை 10. தம்பிக்கு ஊரிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அங்கே இரவு எட்டரை. பனியைக் காட்டச் சொன்னார் அப்பா. தம்பி ஜன்னலைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது கேமராவில் தோல் விழுந்துவிட்டது.

“அது என்னாடா?”

தம்பி சொன்னான். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தோம்.

“யாரு செய்யச் சொன்னாங்க?”

“யாரும் சொல்லலப்பா. நாங்களாத்தான்.”

“சாவுக்கா?”

“இல்லப்பா. ஏப்ரல் 14க்கு. அம்பேத்கர் பொறந்த நாளுக்கு.”

மறுபடியும் கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அந்தத் தம்பிய ஒரே பக்கமா இழுக்க வேணாம்னு சொல்லு. எதிரெதிரா இழுக்கணும். இந்தப் பக்கம் ஒரு இழு, அந்தப் பக்கம் ஒரு இழு. ஹீட்டர் கிட்ட வெக்காதீங்க, வெடிச்சிடும். நெழல்ல தானா காயட்டும்” என்றார்.

அரை மணி நேரம் அவர் சொல்லச் சொல்ல அண்ணன் கட்டினார். சுருக்கம் எங்கே இருக்கிறது என்று 12,000 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து அவர் கண்ணுக்குத் தெரிந்தது. முப்பது வருடம் தொடாத தொழில், ஒன்றும் மறக்கவில்லை. தம்பி கடைசிவரை போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். தோலைத் தொடவில்லை. தொடு என்று அவன் அப்பாவும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இதை இளைய தோழர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். பறையைக் கைவிட்டதும் விடுதலைப் போராட்டம்தான். பறையை மீட்டெடுத்ததும் விடுதலைப் போராட்டம்தான். 90களில் ஒரு பக்கம் சேரிகள் பறையடிக்க மறுத்தன. மறுபக்கம் தலித் கலை விழாக்களில் அதே பறை மேடை ஏறியது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் அதைத் தோளில் மாட்டினார்கள். 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ‘பறை நம் அடையாளம், எல்லோரும் அடிக்க வேண்டும்’ என்று ஒருவர் கட்டளை போட்டால், அதுவும் பழைய ஏவலின் இன்னொரு வடிவம்தான். அடிக்கவும் அடிக்காமலிருக்கவும் நமக்கு உரிமை வேண்டும்.

இன்னொன்று. இங்கே தமிழ் விழாக்களில் பறைக்கு நல்ல வரவேற்பு. ‘தமிழரின் ஆதி இசை’ என்று அறிவிப்பார்கள். யார் அதைப் பல நூறு ஆண்டுகள் தோளில் சுமந்தார்கள், சுமந்ததற்காக என்ன பட்டார்கள் என்று ஒரு வாக்கியம் சொல்ல மாட்டார்கள். மேளம் வேண்டும், மேளக்காரர் வேண்டாம். எங்களுக்குக் கைதட்டிய அதே அரங்கில் திருமணப் பேச்சு எடுத்தால் ‘குறிச்சி’ விசாரணை தொடங்கிவிடும். 2023 மார்ச்சில் டொராண்டோ கல்வி வாரியம் சாதி ஒடுக்குமுறையைக் கையாள வழிமுறை வேண்டும் என்று வாக்கெடுத்துத் தீர்மானித்தபோது, ‘இங்கே ஏது சாதி?’ என்று குரல்கள் எழுந்தன. அந்தக் கேள்வி எந்தத் தெருக்காரர்களின் கேள்வி என்று எங்களுக்குத் தெரியும்.

தோல் காய வேண்டிய மூலைக்குப் போனதும் எல்லோரும் பதாகைக்கு வந்தோம். 24 சதுரங்கள், 6 வரிசை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் உடுத்திய துணி. அண்ணனின் கிடங்கு வேலைச் சட்டை. அக்காவின் முதியோர் இல்லச் சீருடை. அண்ணியின் அம்மா நாற்று நட உடுத்திய சேலையின் முந்தானை. தம்பி 5 வருடம் போர்த்திக்கொண்ட ஆதிதிராவிடர் நல விடுதிப் போர்வை. அந்தப் போர்வையை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தவன் அவன். வெட்டக் கத்தரியைக் கொடுத்தபோது கொஞ்சம் தயங்கினான். பிறகு ஓரத்திலிருந்து ஒரு சாண் வெட்டிக் கொடுத்தான். மேலே துணி, நடுவில் பஞ்சு, அடியில் நீலத் துணி. மூன்றையும் சேர்த்து நூலோட்டித் தைக்க வேண்டும். ஊரில் பழஞ்சேலைகளை அடுக்கி இப்படித்தான் குழந்தைக்கு விரிப்பு தைப்பார்கள்.

இந்த யோசனை எங்களுக்கு வந்தது ஒரு நூலகப் புத்தகத்திலிருந்து. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவுக்குள் கீஸ் பெண்ட் என்றொரு ஊர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வம்சம் அங்கே வாழ்கிறது. பலருக்கும் குடும்பப் பெயர் பெட்வே. அது அவர்களை அடிமைகளாக வைத்திருந்த முதலாளியின் பெயர். அந்த ஊர்ப் பெண்கள் குளிர் தாங்க, கிழிந்த வேலை உடைகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள். மிசூரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்த பின் 1942இல் அவருடைய வேலைத் துணிகளையே சேர்த்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைக்கவும், போர்த்திக்கொள்ளவும்.

1960களில் அவர்கள் ஓட்டுரிமை கேட்டபோது, பதிவு செய்யப் போகவேண்டிய ஊருக்கு ஆற்றைக் கடக்கும் படகை 1962இல் நிறுத்தினார்கள். அந்தப் படகு மறுபடியும் ஓடியது 2006இல். வாசிக்கும்போதே, நம் ஊரில் பொதுவழியில் போட்ட முள் நினைவுக்கு வந்தது. 1966இல் அந்த வட்டாரப் பெண்கள் சேர்ந்து சுதந்திரப் போர்வைக் கூட்டுறவைத் தொடங்கினார்கள். கருப்பினத் தொழிலாளிகள் தங்கள் தையலுக்குத் தாங்களே விலை வைத்தார்கள். ஓட்டுக்குப் பதிவு செய்ததற்காக நிலத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு மனை கொடுக்கவும் அந்தக் கூட்டுறவு உதவியது. 2002இல் அந்தப் போர்வைகள் ஹூஸ்டன் அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. உலகம் வியந்தது. வியப்பதற்கு முன்னால் பல பத்தாண்டுகள் அவை கந்தலாகத்தான் கருதப்பட்டன.

கருப்பினத்தவரோடு நமக்குள்ள தொடர்பு பழையது. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1946இல் கருப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் நம் இளைஞர்கள் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். புத்தகம், கடிதம், கட்சி என்று நாம் கற்றிருக்கிறோம். ஊசியிலிருந்தும் கற்க இருக்கிறது. தன் நேரம், தன் பெயர், தன் விலை: இந்த மூன்றும் செய்பவர் கையில் இருந்தால் அது கைவினை. மூன்றும் வேறொருவர் கையில் இருந்தால் அது அடிமை வேலை. ஊசி ஒன்றுதான், துணி ஒன்றுதான். சாதி அமைப்பு வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து மேல் கீழாக அடுக்கியது என்று பாபாசாகேப் 1936இலேயே விளக்கினார். ‘கிராமத்துக் கைவினையின் அழகு’ என்று உருகுபவர்கள் அந்த அடுக்கை மட்டும் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

அக்கா வந்து சேர்ந்தபோது மாலை 4 மணி. 18 மணி நேர வேலை. பேருந்து பாதி வழியில் நின்றுவிட, முக்கால் மணி நேரம் பனியில் நடந்து வந்திருக்கிறார். புருவத்தில் பனி உறைந்திருந்தது. சூடாக ரசம் ஊற்றிக் கொடுத்தோம். படுங்கள் என்றோம். “படுத்தால் நித்திரை வராது. உந்தக் கடகத்தை எடும் தம்பி” என்றார். தூங்காமல் ஏன் இந்த வேலை என்று அண்ணி கேட்டதற்கு, “காலமையிலயிருந்து மற்ற ஆக்களுக்காக ஓடின கை. கொஞ்ச நேரம் எனக்காகவும் ஓடட்டும்” என்றார்.

விளிம்பு கட்டுவது கடினமான வேலை. பட்டையின் முனைகளை ஒவ்வொன்றாக மடித்து உள்ளே செருக வேண்டும். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து பட்டைகளை எண்ணி எடுத்துக் கொடுத்தாள். இரவு 8 மணிக்குக் கடகம் முடிந்தது. பாப்பா அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, “பெரியம்மா, இத நான் ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போகவா?” என்றாள்.

அங்கேதான் விவாதம் வந்தது. தம்பி வேண்டாம் என்றான். பரம்பரைத் தொழில் என்று கேட்டதற்கு நாமே ஓலைக் கடகத்தை நீட்டினால், அவர்கள் கேட்ட சட்டத்துக்குள் நாமே போய் நிற்கிற மாதிரி ஆகாதா? அண்ணி வேறு மாதிரி யோசித்தார். மறைத்தால் பிள்ளைக்கு வெட்கம்தான் மிஞ்சும். அக்கா இருவரும் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, “கொண்டு போகட்டும். ஆனால் அட்டையில என்ன எழுதிறது எண்டதை நாங்கள் தீர்மானிப்பம்” என்றார்.

அட்டையில் பாப்பா எழுதியது இது. செய்தவர்: என் பெரியம்மா. கற்றுக்கொடுத்தவர்: அவருடைய அம்மா. பொருள்: என் அப்பா வேலை செய்யும் கிடங்கில் வீசிய பட்டை. எடுத்துக்கொண்ட நேரம்: 11 மணி. கடைசியாக ஒரு வரி அவளாகவே சேர்த்தாள்: ‘பெரியம்மாவுக்குப் பிடித்ததால் செய்தார்.’ ‘பரம்பரை’ என்ற சொல் அதில் இல்லை. அவள் வளர்ந்து மிச்சக் கதையைக் கேட்கும்போது ஒன்று விடாமல் சொல்வோம்.

தோழர்களே, இதிலிருந்து எங்களுக்குத் தோன்றுவதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

கையால் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். தையலோ, மரவேலையோ, மின்வேலையோ, எதுவானாலும். உங்கள் அப்பா செய்தது என்பதற்காகக் கற்கவும் வேண்டாம், அதற்காகவே ஒதுக்கவும் வேண்டாம். காஞ்சா அய்லய்யா 2007இல் குழந்தைகளுக்காக உழைப்பின் மதிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கோண்டு ஓவியர் துர்காபாய் வியாம் அதற்குப் படம் வரைந்தார். கிடைத்தால் விடுதியில் சேர்ந்து வாசியுங்கள்.

செய்த பொருளில் பெயர் போடுங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதுங்கள். உங்கள் அமைப்பின் பதாகையைத் தைத்தவர், பறையைக் கட்டியவர், மேடைக்குப் பந்தல் போட்டவர் பெயர் துண்டறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் கூட்டங்களிலேயே அது பெரும்பாலும் இருப்பதில்லை.

யாராவது பாரம்பரியக் கைத்தொழிலைப் புகழ்ந்து பேசினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உங்கள் பிள்ளை இதைக் கற்கிறதா?’

மழை லீவு விட்ட நாளில் யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அடுத்த கோரிக்கைப் பட்டியலில் அவர்களுடைய விடுப்பும் கூலியும் இருக்கட்டும்.

அந்த இரவு எங்கள் கணக்கு இப்படி இருந்தது. கடகம் முடிந்தது. பறை காய்ந்துகொண்டிருந்தது. குல்லா இன்னும் காதோடு நிற்கிறது, இந்தக் குளிர்காலத்துக்கு உதவாது. பதாகையில் 19 சதுரங்கள் ஆயின, 5 மிச்சம். அதில் ஒன்றை வேண்டுமென்றே காலியாக வைத்திருக்கிறோம். இதை வாசிக்கும் யாராவது ஏப்ரலுக்குள் இந்தப் பக்கம் வந்தால், உடுத்திப் பழகிய துணியில் ஒரு சாண் கொண்டுவாருங்கள். ஊசியும் நூலும் எங்களிடம் இருக்கிறது. தைக்க வேண்டியது நீங்கள்தான்.